பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முழங்கால் வலி குறைஞ்சுதா, தூக்கம் வருதா? மனசுல பாரம் இருந்தா தூக்கம் எங்கேயிருந்து வரும்? நம்ம தையல்காரம்மாவுக்கு நாலு மாதமாகத் தூக்கமே இல்லை.

ஒருவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. பரமண்டல ஜெபத்தில் பிறரை மன்னிக்கிறோம் என்ற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மன்னிக்காதவளுக்கு மன்னிப்பு இல்லை என்று வேதம் சொல்லும்போது எந்த முகத்தோடு கையை நீட்டுவது? வருகிற ஞாயிறாவது போய்விட வேண்டும் என்று தவித்தாள்.

"எதையோ மனசுல வெச்சுக்கிட்டுக் குமையுற. ஜெபக் கூட்டத்துல சொல்லேன்டி," என்றாள் அக்கா. நாலு மாதத்துக்கு முன் அம்மா இறந்ததிலிருந்து இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

புதன்கிழமை கூட்டத்தில் தையல்காரம்மா எழுந்து நின்றாள்.

"ஒருத்தர் எனக்குச் செஞ்சதை என்னால மன்னிக்க முடியல. பேர் வேண்டாம். அவங்களும் இங்கதான் இருக்காங்க. எனக்காக ஜெபிச்சுக்குங்க."

கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே மாடி வீட்டம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"உன் பூனையைச் சந்தையில கொண்டுபோய் விட்டது நான்தான். மன்னிச்சிடும்மா."

"நீங்களா? என்கூட டார்ச் அடிச்சுத் தேடினீங்களே!"

"விட்ட இடத்தைத் தவிர எல்லா இடத்துலயும் தேடினேன்."

தையல்காரம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும், "நான் சொன்னது உங்களை இல்ல," என்று அனுப்பிவைத்தாள். அந்தம்மா, "நான் இல்லையாம்!" என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். மீதி இருந்தவர்களுக்குப் பயம் கூடிப்போயிற்று.

மத்தியானம், தையல்காரம்மா பாடும் பாடல் குழுவை நடத்தும் பாட்டு வாத்தியார் வந்தார்.

"மைக் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லம்மா?"

"எந்த மைக்?"

"உங்க மைக்தான். மூணு வருஷமா நான்தான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்."

அவள் கையிலிருந்த கத்தரி யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் துணியில் கோணலாக ஓடியது. அக்கா வாத்தியாருக்கு டீ கொடுத்துவிட்டு, "ரெண்டு," என்று விரலை மடக்கினாள்.

இனிமேல் தாங்காது என்று தையல்காரம்மா போதகருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, யாரும் இங்க வந்து மன்னிப்புக் கேக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

ஐந்தே நிமிடத்தில் போதகரே வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"உங்க அம்மா அடக்க ஆராதனையில நான் பேசினது, வேறொரு அம்மாவுக்கு எழுதினதும்மா. பேரை மட்டும் மாத்தினேன்."

கடைசி நாட்களில் அம்மா பக்கத்தில் இருக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை; வேலையாக வெளியூர் போயிருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். அந்தப் பேச்சு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

"பூ வேலை செஞ்ச கைகள்னு சொன்னீங்களே ஐயா... அம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. எனக்குத் தெரியாம எப்பவோ செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

போதகர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவரை மன்னிக்கவே திணறியவளுக்கு இப்போது நாலு பேர். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தங்கையின் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"சாகக் கிடந்தப்ப அம்மா உன்னைக் கூப்பிடு, கூப்பிடுன்னாங்க. நான்தான் போன் பண்ணாம விட்டுட்டேன். அதுக்கே நீ என்னை ஒரு வார்த்தை கேக்கல. அவ்வளவு பெரிய மனசுடி உனக்கு! உன்னாலயே மன்னிக்க முடியலைன்னா, அந்தப் பாவி யாருடி?"

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எனக்கு எழுதுங்க. பேர் மட்டும் போட்டுடாதீங்க.