சாம்பிள் நாளில் வந்த சம்பந்தி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் ரத்த அழுத்தமும் உன் மனைவியின் முழங்காலும் இப்போது தேவலை என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, உன் சீமந்த புத்திரியை மூட்டை முடிச்சோடு கூட்டிக்கொண்டு போய்விடு.

'யுனிவர்சிட்டி உங்க வீட்டுக்குப் பக்கம்ண்ணே, சீக்கிரமே பிஎச்.டி. முடிச்சிடுவா' என்றாய். ஐந்து வருஷமாக முடித்துக்கொண்டே இருக்கிறாள். கொசு கடித்து உடம்புக்குள் போன வைரஸ் சிறுநீரில் இறங்கிச் சாக்கடைக்கு வருமாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற அந்தத் தண்ணீரைச் சோதித்தால், காய்ச்சல் பரவப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். நல்ல காரியம், யார் வேண்டாம் என்றது? அதற்கு என் தெருதானா கிடைத்தது? எங்கள் முட்டுச்சந்தின் ஆறு வீட்டுக் கழிவும் சேருகிற மேன்ஹோலுக்குள் ஒரு மெஷினை இறக்கி, ஞாயிறு தவறாமல் சாம்பிள் எடுக்கிறாள். காலேஜ் பிரிட்ஜ் ரிப்பேராம், அதனால் என் வீட்டு பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர். 'மூடி டைட்டா இருக்கு பெரியப்பா, ஒண்ணும் ஆகாது' என்கிறாள். எனக்கு ஆகுதே! உன் அண்ணி கண்ணை மூடிக்கொண்டுதான் பாலை எடுக்கிறாள். கழிப்பறையில் பினாயில் ஊற்றக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, வைரஸ் செத்துவிடுமாம். வைரஸ் நல்லா இருக்கணும், பெரியப்பா நாத்தத்துல சாகலாம்!

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. என் மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் ஒருவரையொருவர் விரும்புவது உனக்குத் தெரியும். பையனின் அப்பா பிடிவாதக்காரர், மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்தவர். ஒருவழியாக இறங்கி வந்து, தேதி பேச மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்ததும் காபி குடித்தார், சிரித்தார். 'பாத்ரூம் எந்தப் பக்கம்?' என்று எழுந்தார். உன் பெண் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாரி அங்கிள், இன்னிக்கு சாம்பிள் நாள். இந்த ஆறு வீட்டு ஆளுங்க மட்டும்தான் போகணும். வெளியாளுங்க போனா கணக்கு கெட்டுடும்."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். இவள் நகரவில்லை. "தள்ளு கழுதை!" என்கிறேன். "பெரியப்பா, அஞ்சு வருஷ உழைப்பு!" என்கிறாள். மனுஷர் சர்க்கரை வியாதிக்காரர் வேறு, எவ்வளவு நேரம் தாங்குவார்? தெருமுனை ஓட்டலுக்கு ஓடினார். அதோடு விட்டாளா? பின்னாலேயே ஓடி, "அங்கிள், கண்ணு சிவந்திருக்கே, உடம்பு வலிக்குதா? போறதுதான் போறீங்க, இந்த டப்பாவுல கொஞ்சம் பிடிச்சுட்டு வாங்க. அப்படியே ரத்த டெஸ்டும் எடுத்துடுங்க" என்று தெருவே கேட்கக் கத்தினாள்! என் மானம் கப்பலேறிவிட்டது. திரும்பி வந்த மனுஷர் வாசலிலேயே நின்று "கிளம்பலாம்" என்றார் மனைவியிடம். அதற்குப் பிறகு அங்கிருந்து போனும் இல்லை, பேச்சும் இல்லை. என் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் இந்த வீட்டில் உட்கார முடியவில்லைடா. உன் பெண் டாக்டர் ஆகட்டும், அதற்கு என் பெண் வாழ்க்கையா சாம்பிள்?

உன் மனைவிக்கும் சின்னவனுக்கும் என் முழு ஆசி. மூத்தவளுக்குப் பாதி.

இப்படிக்கு,
பொறுமை இழந்த உன் அண்ணன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சம்பந்தியே கூப்பிட்டுவிட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து! 'எனக்கா காய்ச்சல்?' என்று உன் பெண்ணின் மூக்கை உடைக்கவே டெஸ்ட் எடுத்தாராம். அதே கொசுக் காய்ச்சல்தானாம், ரத்தத்தில் தட்டணுக்கள் வேறு குறைய ஆரம்பித்திருந்ததாம். "அந்தப் பொண்ணு கத்தலேன்னா வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு வீட்டுலயே கிடந்திருப்பேன். டிஸ்சார்ஜ் ஆனதும் தேதி வெச்சுக்கலாம், அவதான் முன்னாடி நின்னு நடத்தணும்" என்றார். என் பெண் இப்போதும் அழுகிறாள், இது வேறு அழுகை. ஆகவே நீ உன் பெண்ணைக் கூட்டிப்போக வந்தால் காலை ஒடித்துவிடுவேன். சும்மா பார்க்க வா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே. வந்தே தீருவேன் என்றால் தெருமுனை ஓட்டலில் முடித்துக்கொண்டு வா. கழிப்பறை வாசலில் இப்போது நான்தான் நிற்கிறேன்.