ஒன்று புள்ளி இரண்டு லிட்டர் காற்று

"ராணி, ஒன்னு புள்ளி ரெண்டு லிட்டர் காத்து எவ்ளோ பெருசு இருக்கும்?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். கணவர் ஜெயபாலன் சாப்பாட்டு மேசையில் வீட்டு டேப்லெட்டை முறைத்துக்கொண்டிருந்தார். பத்து பாகாட்டில் துண்டு நெய்யும் தொழிற்சாலையொன்றில் சாயப் பிரிவுக்கு இரவு நேர மேற்பார்வையாளர் அவர். சனிக்கிழமை காலையில் இப்படி விழித்திருக்கிற வழக்கமே இல்லை.

"எதுக்கு கேக்கறீங்க?"

"லோஷினிக்கு டியூஷன்லேருந்து கேள்வி வந்திருக்கு. கெமிஸ்ட்ரி. இங்க பாரு."

கேள்வி மலாயில் இருந்தது. சோடா உப்போடு அமிலம் சேர்ந்தால் கரியமில வாயு வரும். அறை நிலையில் 1.2 லிட்டர் வாயு வேண்டுமென்றால் எத்தனை கிராம் சோடா உப்பு தேவை? நாளைக் காலைக்குள் விடை அனுப்பவும்.

செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

"அவதான் நெட்பால் போட்டிக்கு பொந்தியான் போயிட்டாளே. நாளைக்கு சாயங்காலம்தான வருவா?"

"அதான் நான் போட்டு வைக்கப் போறேன்."

"நீங்களா?"

"ஏன், கூடாதா?"

கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரவு வேலைக்காரருக்கு மகள் என்பவள் பகலில் வாசலில் இல்லாத பள்ளிக் காலணி, மாலையில் மூடியிருக்கும் அறைக்கதவு. நான்காம் படிவத்தில் அவள் என்னென்ன படிக்கிறாள் என்றுகூட அவர் கேட்டதில்லை. கேட்டாலும் "ஓகேப்பா" என்றுதான் பதில் வரும். இந்த ஒரு கேள்வியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஓகேக்குப் பின்னால் இன்னொரு சொல் வரக்கூடும்.

"போன்ல தட்டுனா விடை வந்துருமே" என்றாள் செல்வராணி.

"வரும். அவ 'எப்படிப்பா'ன்னு கேட்டா? கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லணும்."

சோடா உப்பின் மோல் எடை 84 என்று போன் சொன்னது. 1.2-ஐ 84-ஆல் பெருக்கினார். நூறு கிராம், சொச்சம். அலமாரியில் ஆப்பசோடா பாக்கெட்டும் சரியாக நூறு கிராம். தன் கணக்கை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பாக்கெட்டை முழுதும் ஒரு பெரிய பலூனுக்குள் கொட்டினார். தண்ணீர் போத்தலில் பாதிக்கு வினிகர் ஊற்றி, அதன் வாயில் பலூனை மாட்டி, பலூனைத் தூக்கிப் பிடித்தார். சோடா மாவு உள்ளே விழுந்தது.

முதலில் அழகாகத்தான் உப்பியது. தேங்காய் அளவு, பூசணி அளவு. அதற்கு மேல் என்ன அளவு என்று பார்க்க ஜெயபாலன் அங்கே இல்லை.

வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் ரோஹானி வேலியருகே ஓடிவந்தார். கூரையிலிருந்து வினிகர் சொட்டியது. செல்வராணி சமையலறை வாசலில் நின்றாள். திட்டு விழும் என்று அவர் காத்திருந்தார்.

"எவ்ளோ போட்டீங்க?"

"நூறு கிராம்."

"மாவு தீந்து நின்னுச்சா, வினிகர் தீந்து நின்னுச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மேசைக்கு அடியிலல்ல இருந்தேன்!"

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இப்படிக் கேட்கிறாள் என்று நினைத்தார். கடைக்குப் போய் நான்கு பாக்கெட் ஆப்பசோடா, இரண்டு போத்தல் வினிகர், ஒரு கட்டு பலூன் வாங்கி வந்தார். வந்ததும் கேள்வியை மறுபடி படித்தார். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அறை நிலை, 24.

"அலமாக்! இதத்தான் கவனிக்கல. இருபத்து நாலுல செய்யணும்."

"இருபத்து நாலு என்ன?"

"டிகிரி லா. ரூம்னு போட்டிருக்கே."

வீட்டில் ஏர்கோன் இருந்தது படுக்கையறையில் மட்டும். அதை இருபத்து நான்கில் வைத்துவிட்டு, அண்டா, வாளி, அளவுக் குவளை, வினிகர் எல்லாவற்றையும் கட்டிலோரம் கொண்டுபோய் நிரப்பினார். ஊதிய பலூனை நிறைந்த வாளியில் அமுக்கினால் எவ்வளவு தண்ணீர் அண்டாவில் வழிகிறதோ அதுதான் காற்றின் அளவு. இந்த யோசனை அவருடையது. நன்றாகவும் இருந்தது.

செல்வராணி ஈஸ்ட் நிறுக்கும் குட்டித் தராசைக் கொண்டுவந்து தந்தாள். "இதுல நிறுங்க. பாக்கெட்ட அப்படியே கொட்டாதீங்க."

இம்முறை பத்து கிராம். வழிந்த தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று லிட்டர்.

"உங்க கையும் சேந்து முங்குதே" என்றாள் செல்வராணி. "அத கழிக்க வேணாமா?"

அவர் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை ஈரம். மனைவி சொன்னது சரிதான். வாளியை மறுபடி நிரப்பி, கையை மட்டும் முக்கி அளந்தார்.

"என் கை முந்நூறு மில்லி" என்று வியந்தார். நாற்பத்தேழு வயதில் தன் உடம்பைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒன்று தெரிந்திருந்தது. அந்த உற்சாகத்தில் முழங்கை வரை அளந்து பார்க்க ஆசை வந்து வாளியின் மேல் சாய்ந்தார். வாளி கட்டில் மேல் சாய்ந்தது.

மெத்தையை இருவருமாக வெளியே இழுத்து, வெயிலில் நின்ற காரின் கூரைமேல் போட்டார்கள். காக் ரோஹானி வேலிக்கு அப்பாலிருந்து மெத்தையைப் பார்த்தார், ஈரமாக நின்ற இருவரையும் பார்த்தார்.

"சைன்ஸ்" என்றாள் செல்வராணி.

மெத்தை காய்ந்த நேரத்தில் வேலை சூடு பிடித்தது. அவர் பலூன் மாட்ட, அவள் நிறுத்தாள். ஐந்து கிராம் போட்டால் கொஞ்சம் கூடுதல். நான்கு போட்டால் குறைச்சல். நாலரை போட்டபோது கையைக் கழித்துச் சரியாக ஒன்று புள்ளி இரண்டு வந்தது. இன்னும் இரண்டு தடவை செய்தார்கள். அதேதான் வந்தது.

"நாலரை!" ஜெயபாலன் கூவினார். "ராணி, நாலரை கிராம்!"

எப்போதும் சோர்ந்து தூங்கும் மனிதர் குழந்தைபோல் குதிப்பதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். இரவுச் சாப்பாடு செய்யவே இல்லை. ரொட்டி சானாய் வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் காலை டேப்லெட்டில் ஆசிரியரின் விடை வந்திருந்தது. 4.2 கிராம்.

ஜெயபாலன் டேப்லெட்டைத் தள்ளிவைத்தார்.

"தப்பு" என்றார்.

"சின்ன வித்தியாசம்தான லா."

"சின்னதா? எங்க மெஷின்ல சாயம் இவ்ளோ கூடிப் போச்சுனா நீலத் துண்டு ஊதாவா வரும். மூணு தடவ செஞ்சோம், மூணு தடவயும் நாலரை!"

செல்வராணி நேற்றைய போத்தலை எடுத்து, கண்ணருகே வைத்துக் குலுக்கினாள். அடியிலிருந்து பொடிக் குமிழிகள் கிளம்பின.

"மிச்ச காத்து இதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்குமோ?"

"காத்து தண்ணிக்குள்ள எப்படி ஒளியும்? நான் அந்த வாத்தியார நேர்ல பாத்துக் கேக்கறேன்."

அவள் முகம் மாறியது. "நேர்ல எதுக்கு? மெசேஜ் போட்டா போதாதா?"

"புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுக்கறான். சும்மா விடச் சொல்றியா?"

"சரி, போறதுன்னா போங்க. யாரு வீடுன்னு மட்டும் சொல்லாதீங்க. வெக்கமா போயிரும்."

மகளுக்காகச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புதிதாக ஒரு பலூனை நிரப்பிக் கட்டி, முன்னிருக்கையில் வைத்து, உருளாமலிருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

டியூஷன் நகரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. ஆசிரியர் பிரேமகுமாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வகுப்புக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவர், பலூனோடு ஏறிவந்த மனிதரைப் பார்த்துத் திகைத்தார்.

"சார், உங்க விடை தப்பு. நாலரை கிராம். இதோ, ஒன்னு புள்ளி ரெண்டு லிட்டர். நீங்களே அளந்து பாருங்க."

பிரேமகுமார் பலூனை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. நாற்காலிகளை விட்டுவிட்டு, எப்படி நிறுத்தீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையைக் கழித்த கதையில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க சார். அந்த இருபத்து நாலு டிகிரி இல்ல, ஒரு மோல் வாயு பிடிக்கற லிட்டர். ஆனா காகிதத்துல கணக்குப் போட்டா எல்லா வாயுவும் வெளிய வந்துருச்சுன்னு வச்சுக்குவோம். நெஜத்துல கொஞ்சம் வினிகருக்குள்ளயே கரைஞ்சு நின்னுரும். அதுக்கும் சேத்துத்தான் உங்களுக்குக் கூட மாவு தேவப்பட்டிருக்கு."

ஜெயபாலன் மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "என் பொண்டாட்டியும் அதத்தான் சார் சொன்னா. நான்தான் கேக்கல."

"அப்படியா! அது சரி, நீங்க யாரோட அப்பா?"

சொல்லக்கூடாது என்றிருந்தார். ஆனால் மனிதர் இவ்வளவு அன்பாகப் பேசியபின் மறைப்பது மரியாதையாகத் தோன்றவில்லை.

"லோஷினி. ஃபார்ம் ஃபோர்."

பிரேமகுமார் யோசித்தார். பலூனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"லோஷினின்னு இங்க யாரும் இல்லையே சார், இது வேலைக்குப் போறவங்க, வீட்ல இருக்கறவங்க எஸ்.பி.எம். பரீட்சை எழுதற பெரியவங்க கிளாஸ். ஓ, நீங்க செல்வராணி அக்கா வீட்டுக்காரரா, 'வீட்டுலயே எனக்கு ஒரு லேப் அசிஸ்டன்ட் கெடச்சிருக்காரு, கேள்வி என்னோடதுன்னு தெரிஞ்சா நிறுத்திருவாரு'ன்னு நேத்தே மெசேஜ் போட்டாங்களே!"