மண்டோர் குரலில் என் முதல் அறிவிப்பு

இருபத்தெட்டு ஆண்டுகள் கோலாலம்பூர் தொலைக்காட்சியில் குரல் கொடுத்திருக்கிறேன். என் குரல் நுழையாத தமிழ் வீடு இந்த நாட்டில் குறைவு. முகம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. "முகம் காட்டாமலே இருந்துட்டீங்களே, வருத்தமா இல்லையா?" என்று கேட்பார்கள். வருத்தமா? என் முதல் அறிவிப்பு முடிந்த அரை மணி நேரத்தில் நான் ஒரு வேனுக்கு அடியில் முகத்தை ஒளித்துக்கொண்டு படுத்திருந்தேன். முகம் காட்டாத பழக்கம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் துப்பாக்கிக் காவல். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போகக் கூடாது. சங்கு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். அதனால் முன்பெல்லாம் சங்கு ஊதிச் சொன்ன ஒரு விஷயத்தைப் வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய மண்டோர் முனியாண்டி வாயால் கூவிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதுதான் பால் எடுக்கும் நேரம். விடிந்ததும் மரத்தைச் சீவிவிட்டால் பதினொரு மணி வரை மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். பதினொரு மணிக்கு மண்டோர் தகரக் குழாயை வாயில் வைத்து, "பால் எடுங்கோ... பாலு" என்று இழுப்பார். அதற்கு முன்னால் ஒருவரும் வாளியைத் தொடக் கூடாது. தொட்டால் பாதிப் பால் மரத்திலேயே போய்விடும்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஆபீசில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்குக் கீழே, வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலிக்குக் கிராணியின் மச்சான் வரப்போகிறார் என்று ஆகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை முதல் எனக்கும் கத்திதான், வாளிதான். அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சு வண்டி வந்து சேர்ந்தது.

கூரையில் இரண்டு ஒலிபெருக்கி வைத்த அரசாங்க வேன் அது. பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களைச் சாக்குகளால் மூடி, பிற்பகலில் இங்கிலீஷ் படம் காட்டுவார்கள். படம் ஓடும்போதே ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சொல்லிக்கொண்டிருந்தவர் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டுவிட்டாராம். வண்டி அதிகாரி செல்லத்துரை ஐயா, சிரம்பான் லோபாக்கில் வீடு வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "காலமை ஒன்பதரைக்கு வாரும், உம்மட குரலைப் பாப்பம்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைச் சட்டை, அரசாங்கச் சம்பளம், ஊர் ஊராய் வேன் சவாரி. இரவெல்லாம் மனப்பாடம் செய்தேன். ("அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே" என்று தொடங்கி நான்கு பக்கம்.) ஏழாம் நம்பர் மலையில் பால் வெட்டும் என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ சொன்னா நம்ம வீட்டுக் கோழிகூட கூண்டுக்குள்ள போறதில்ல. உன் பேச்ச கவர்மெண்டு கேக்கப் போவுதா?" என்றார்.

"கேக்கும், பாரும்மா" என்றேன்.

ஒன்பதரைக்கு, பால் நிறுக்கும் ஸ்டோர் முன்னால் நின்ற வேனில், மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்ததும் நான்கு பக்கமும் மறந்துபோயிற்று. அன்பார்ந்த வரைக்கும் வந்தது. அன்பார்ந்த யார் என்று தெரியவில்லை.

"பயப்படாதையும் தம்பி. எதையாவது சொல்லும். தோட்டத்துச் சனம் திரும்பிப் பாக்கோணும், அவ்வளவுதான்" என்றார் ஐயா.

தோட்டத்துச் சனம் எதைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும்? பிறந்ததிலிருந்து தினம் கேட்ட ஒரே ஒரு அறிவிப்பு தொண்டையில் தயாராக நின்றது. மண்டோரைப் போலப் பேசிக்காட்டுவதில் லயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விட்டேன்.

"பால் எடுங்கோ... பாலு."

ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன். குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஆசை விடவில்லை, இன்னும் இரண்டு முறை இழுத்தேன். ஐயா கையைத் தட்டினார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மலைச் சரிவில் முதல் ஆள் தெரிந்தார். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. பின்னால் பத்துப் பேர், அதற்குப் பின்னால் கூட்டம். தோட்டமே பாலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் பின்னால் முனியாண்டி மண்டோர் தகரக் குழாயோடு ஓடி வந்தார்.

"நான் கூப்பிடல லா. திரும்பிப் போங்க."

"நீங்கதானே மண்டோரே கூப்பிட்டீங்க? ஒரு தடவையா, மூணு தடவை" என்றார் ஒருவர்.

"அது என் குரல் இல்ல."

"உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வரிசை நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த நிமிடம் தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் ஜீப் வந்தது, பின்னாலேயே மலாய்ப் போலீஸ் சார்ஜனும் நான்கு துப்பாக்கிகளும். வேலையை நிறுத்தச் சொல்லிப் பொய்க் கட்டளை கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் அது காட்டுக்காரர்களின் வேலை. பிடித்தால் விசாரணை இல்லாமலே உள்ளே வைப்பார்கள். "சியாப்பா?" என்று சார்ஜன் கத்தினார். யார் என்று கேட்ட அந்த நொடியில்தான் அந்த யாராகிய நான் வேனுக்கு அடியில் போனேன்.

காலைப் பிடித்து இழுத்தார்கள். "இவர்தான் சொன்னவர், சும்மா குரல் சோதனை" என்று ஐயா எனக்காக மன்றாடினார். துரை நம்பவில்லை. மறுபடி சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். நாக்கு வறண்டு கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். துரை தலையை ஆட்டினார். அப்படியென்றால் உண்மையான ஆளை மறைக்கிறான் என்று பேசிக்கொண்டு சார்ஜன் என் கையைப் பின்னால் முறுக்கினார். செத்தோம் என்று நினைத்தேன். அழுதும்விட்டேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். வாளி இரண்டும் காலி.

"ஏன் மாரியாயி, நீ மட்டும் பால் எடுக்கலையா?" என்றார் மண்டோர்.

"மண்டோர் கூப்பிட்டாத்தானே எடுக்கணும்? கூப்பிட்டது என் மவன். முதல் இழுப்புலயே தெரிஞ்சிபோச்சி. இவன் சொல்லி நான் என்னைக்கு என்ன செஞ்சிருக்கேன்? என்ன கூத்து பண்றான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

பெரிய கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை காலி வாளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சார்ஜன் கையை விட்டார். மற்றவர்களுக்குப் பேர் வெட்டி அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது என்று ஐயா கெஞ்சி வாங்கினார். நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அம்மா பதினொரு மணி வரை காத்திருந்து, மண்டோர் கூவிய பிறகு பால் எடுத்தார். அன்று நிறைந்த வாளியோடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் ஐயா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் மூண்டு வருசமா இந்த வண்டியில கத்துறன், ஒருத்தரும் அசைஞ்சதில்லை. நீர் ஒரு தோட்டத்தையே எழுப்பிப்போட்டீர். திங்கட்கிழமை வேலைக்கு வாரும். ஆனா உம்மட சொந்தக் குரலில பேசும்."

அந்த வேனில் தொடங்கியதுதான் கோலாலம்பூர் தொலைக்காட்சி வரை போயிற்று. நாங்கள் சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் வீடு வாங்கினோம், அம்மாவும் எங்களோடு இருந்தார். பெட்டியில் என் குரல், "அடுத்து தமிழ்ப் படம்" என்று சொல்லும். பக்கத்து வீட்டார்கூட ஓடி வந்து உட்காருவார்கள். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு அசைய மாட்டார். "அவன் சொன்னான்னு வந்து உக்காரவா? படம் போடட்டும், வரேன்" என்பாராம். ஆனால் இரவு வீட்டுக்குப் போனதும், "உனக்குச் சளி புடிச்சிருக்கு, ரெண்டாவது தடவை பேசும்போது தெரிஞ்சது" என்று மிளகு ரசத்தை நீட்டுவார். அத்தனை பேர் மண்டோர் என்று நம்பிய காலையில் அது நான் என்று கண்டுகொண்டவர் அவர் ஒருவர்தானே.

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் பிள்ளைகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. போன தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று, சாப்பிட வாருங்கள் என்று என் அரசாங்கக் குரலில் அறிவித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைக்குட்டி மகள் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"மண்டோர் சொல்லிட்டாராப்பா?"