கடலை டப்பாவுக்கு ஏழு லீவர் பூட்டு

இனிமேல் செத்தாலும் துணி கிளிப்பைத் தொடமாட்டேன் என்று பூட்டுக்காரர் சபதம் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதைக் கேட்க வீட்டில் மனைவியைத் தவிர வேறு ஆள் இல்லை. அவளும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி எரிச்சல் அதனாலேயே.

"சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. கிளிப்பைத் தொடமாட்டீங்க. களிமண் பிசையறது?"

"அதுவும் கிடையாது!"

"பட்டாணி பொறுக்கறது?"

"நான் என்ன கோழியா?"

இரண்டு மாதத்துக்கு முன் கடையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தபோதே அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முதலில் பேச்சு திரும்பியது. மனைவியைத் திட்டுகிற அளவுக்குப் பத்தே நாளில் திரும்பியது. அப்புறம் கைத்தடியின் தயவில் கால் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வரும் பிசியோ பெண் ஒரு தட்டு நிறையக் களிமண்ணும் கிளிப்பும் பட்டாணியும் கொடுத்து, "தினம் அரை மணி நேரம் செய்யணும் சார். கை தானா வராது, நாமதான் கூப்பிடணும்" என்று சொல்லிப் போயிருந்தாள்.

முப்பது வருஷம் இரண்டு கம்பியை வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட பூட்டையெல்லாம் வாய் திறக்க வைத்த கை, இப்போது கொடியில் ஒரு கிளிப்பை மாட்டத் திணறியது. பக்கத்தில் உட்கார்ந்து மனைவி, "ஒண்ணு... ரெண்டு... ரெண்டுதாங்க, அது கீழ விழுந்துடுச்சு" என்று எண்ணினாள். மனுஷன் எதைத்தான் பொறுப்பான்?

"ஆறு மாசத்துல கை வரலேன்னா கடையைக் காலி பண்ணிடறேன்னு கட்டட முதலாளிகிட்ட சொல்லியாச்சு. கை வராது. எனக்குத் தெரியும். ஆளை விடு."

உண்மையில் அவருக்குப் பயம். செய்து பார்த்து வரவில்லை என்று தெரிந்துவிட்டால்? செய்யாமலே இருந்தால், செய்திருந்தால் வந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி உண்டு.

மனைவி சண்டை போடவில்லை. "சரிங்க, உங்க இஷ்டம்" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் 'உங்க இஷ்டம்' என்று சொன்ன போதெல்லாம் என்ன நடந்தது என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் வறுத்த கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டு நொறுக்கினாள். தெருமுனை வரை சத்தம் கேட்டிருக்கும்.

"எனக்கு?"

"இது உப்புக்கடலைங்க. டாக்டர் உப்பைக் கண்ணுல காட்டக்கூடாதுன்னுட்டாரே."

மிச்சக் கடலையை டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, சமையலறை அலமாரியில் வைத்தாள். "நான் மாடி வீட்டுக்குப் போறேங்க! வர முக்கால் மணி நேரம் ஆகும்!" என்று, மாடி வீட்டுக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

டப்பாவைப் பிடிக்க ஒரு கை வேண்டும், திருக ஒரு கை வேண்டும். இருந்ததோ ஒன்றரை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிஷம் போராடினார். மூடி திறந்தது. கடலையில் உப்பே உறைக்கவில்லை. நாக்கிலும் பக்கவாதம் போலிருக்கிறது என்று நொந்துகொண்டு இரண்டு கைப்பிடி தின்றார். திருட்டுத் தீனிக்கு உப்பு எதற்கு?

தினமும் சாயங்காலம் அவள் மாடி வீட்டுக்குப் போவதும், அவர் டப்பாவைத் திருகுவதுமாக ஒரு வாரம் போயிருக்கும்.

"ஏங்க, டப்பால கடலை குறையுது. எலி வந்திருக்கு."

"இருக்கும், இருக்கும்."

"எலி மூடியைத் திருகுமா?"

"பெரிய எலியா இருக்கும்."

மறுநாள் அலமாரியில் ஒரு பூட்டு தொங்கியது. அவருடைய கடைப் பூட்டு!

"எலிக்கு எதுக்குப் பூட்டு?"

"நீங்கதானே பெரிய எலின்னீங்க? கடையில சும்மாதானே கிடக்குது, எடுத்துட்டு வந்தேன்."

முதலில் சாவி ஓர் உயரமான ஆணியில், அதுவும் அவருடைய வலது பக்கம் தொங்கியது. இடது கையில் கைத்தடி இருந்ததால், வலது கையாலேயே எக்கி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. பிறகு சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. பூட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. என் வீட்டில், என் பூட்டை, எனக்கே பூட்டுவதா? கட்டிலுக்கடியிலிருந்த தொழில் பெட்டியைத் தேடிக் கம்பிகளை எடுத்தார்.

இடது கைக் கம்பி அழுத்த வேண்டும். வலது கைக் கம்பி உள்ளே துழாவ வேண்டும். முதல் நாள் வலது கை பதினான்கு தடவை கம்பியைக் கீழே போட்டது. பதினான்காவது தடவை அவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்பியைப் பொறுக்கினார். அந்த வாரம் முழுக்கக் கடலைப் பட்டினி. எட்டாம் நாள், பூட்டுக்குள்ளே 'டக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. கடலையை மறந்து பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தின்றுவிட்டுத் திரும்பப் பூட்டி வைப்பதும் அவர் வேலைதான். தடயம் இருக்கக் கூடாதே.

ஆனால் என்ன துரதிர்ஷ்டமோ, ஒரு பூட்டு கைக்குப் பழகும் நேரம் பார்த்து அவள் மாற்றிவிடுவாள். மூன்று லீவர் பூட்டு போய், திறக்க அதைவிடக் கஷ்டமான ஐந்து லீவர் வந்தது. ஐந்து போய் ஏழு வந்தது. எல்லாம் பிசியோ பெண் வந்துபோன சனிக்கிழமைகளில். சனிக்கிழமையே தனக்கு ஆகாத நாள் என்று அவர் முடிவு கட்டினார்.

வெளியே மட்டும் மூச்சு விடவில்லை. மனைவிதான் சட்டைப் பித்தான் போட்டுவிட வேண்டும். சாப்பாடு இடது கையில், ஸ்பூனில். பிசியோ பெண் விரலை நீட்டி, "அழுத்திப் பிடிங்க சார்" என்றால், பூவைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். அவளுக்கு ஏனோ அந்த நேரம் பார்த்து இருமல் வரும்.

ஆறாவது மாதக் கடைசி வந்தது.

"கை எப்படிங்க இருக்கு?"

"அப்படியேதான்." சமையலறையில் வருவது கடையில், நாலு பேர் பார்க்க வருமா என்ற நடுக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"சரிங்க, உங்க இஷ்டம். நாளைக்கு முதலாளி வர்றார். சாமானை எடுத்துட்டுக் கடையைக் கொடுத்துடலாம். ஆனா கடைச் சாவியைத் தொலைச்சிட்டேன்."

"தொலைச்சிட்டியா?"

"அடுத்த தெரு பூட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"அந்தச் சுத்தியல்காரனையா? அவனுக்கு உடைக்கறதைத் தவிர என்ன தெரியும்?"

"உடைச்சா என்னங்க? நாமதான் காலி பண்றோமே."

மறுநாள் காலை கடை வாசலில் கட்டட முதலாளி, எதிர்க்கடைக்காரர், தெருவில் வேலையில்லாத பத்துப் பேர். எல்லாருக்கும் முன்னால் சுத்தியல்காரர் பையில் கை விட்டார். ஷட்டரில் தொங்கியது, பூட்டுக்காரர் தன் கையால் செய்த முதல் ஏழு லீவர் பூட்டு.

"தள்ளுய்யா!" என்று ஒரு கத்தல். கைத்தடி ஒரு பக்கம் பறந்தது. கம்பிகள் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தன. ஏன் இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கம்பி விழுந்தது. அவரே குனிந்து பொறுக்கினார். நாலாவது நிமிஷம் 'டக்' என்றது.

கூட்டம் கை தட்டியது. முதலாளி, "அப்ப காலி பண்ணலையா?" என்று கேட்டார். "எவன் சொன்னான்?" என்றார் பூட்டுக்காரர். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஷட்டர் ஏறியதும் சுத்தியல்காரர் பையிலிருந்து ஒரு பழைய பூட்டை எடுத்துக் கடை மேஜைமேல் வைத்தார். "இதை என்னால திறக்க முடியலண்ணே. இன்னைக்கு அண்ணன் கடை திறப்பார், கொண்டு வாங்கன்னு அண்ணிதான் சொன்னாங்க."

மனைவி கைப்பையைத் திறந்தாள். தொலைந்துபோன கடைச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். கூடவே ஒரு நோட்டை நீட்டினாள். தேதி வாரியாக, எந்தப் பூட்டு, எத்தனை நிமிஷம், எத்தனை தடவை கம்பி விழுந்தது என்று நான்கு மாதமும் எழுதியிருந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிசியோ பெண்ணின் கையெழுத்து.

"நீ மாடி வீட்டுக்குப் போகவே இல்லையா?"

"கதவுக்குப் பின்னாடிதாங்க நின்னேன். அந்தப் பதினாலு தடவையும் கேட்டுட்டுத்தான் நின்னேன்."

பூட்டுக்காரர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மூடினார். ஆனாலும் ஒரேயடியாகத் தோற்க எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ன வேணா சொல்லு. டாக்டர் கூடாதுன்ன உப்புக்கடலையை நாலு மாசம் உன் கண்ணெதிரே தின்னு தீர்த்தேனா இல்லையா?"

"அது உப்பில்லாம வறுத்ததுங்க. உப்புக்கடலை என் டப்பால இருக்கு."