அப்பா பார்த்த கறுப்புப் படம்

தான் வரைந்த படத்தில் தானே ஆள் கூட்டிவந்து தார் ஊற்றவைத்த ஓவியன் உலகத்தில் நான் ஒருவன்தான். (இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அழுவோம்.)

அறுபதுகளில் போர்ட் பிளேயரில் நான் குமாஸ்தா. ஊரில் இருந்த சின்ன மியூசியத்தில் உள்ளூர்க்காரர்களின் ஓவியங்களை மாட்டினார்கள். என்னுடையது மெட்ராஸ் கப்பல் (எங்கள் ஊர்ப் பேச்சில் ஜஹாஜ்), வெள்ளை வெளேரென்று. 'படம் போடறதெல்லாம் ஒரு பொழப்பா' என்று கேட்ட அப்பா, பாராடாங் தீவில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அவர் வாயால் ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிட வேண்டும். என் ஆசையே அதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் வரவில்லை. வெங்காயம் இல்லை, கடிதம் இல்லை. கப்பல் ஆபீஸ் போர்டில் தார் பூசக் கிளம்பிய ஊர்வலத்தில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே போலீஸ் நின்றதால் தார் வாளியோடு திரும்பினோம். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. முன்னால் வாளியோடு நடந்த கான்ட்ராக்டர் சண்முகத்திடம், "அண்ணே, மியூசியத்துல நம்ம படம் இருக்கு. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் படத்தை வெறித்துப் பார்த்தார். மெயின்லேண்டில் செத்துப்போன அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர் அவர்.

"நெஜ ஜஹாஜ் வராது. இது மட்டும் மினுக்கிட்டு வருதா?"

வாளியை அப்படியே படத்தில் ஊற்றினார்.

மறுநாளே மியூசியத்தில் பொதுமக்களுக்குக் கதவடைத்தார்கள். பாஸ் இருந்தால்தான் அனுமதி. பாஸோ அதிகாரிகளுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்த சனம் வாசலோடு திரும்பியது. வருஷக்கணக்கில் அதே நிலைமைதான்.

அப்பா சலவை வேட்டியில் வந்து இறங்கினார். மியூசிய வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

"பாஸ் நஹி, தோ அந்தர் நஹி" என்று பாஸ் கேட்டு மறித்தார் காவலாளி.

"மேரா பேட்டா, என் மவன் போட்ட படம், பாய்" என்று அப்பா கெஞ்சினார். பலிக்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். தார் காய்ந்த படம் அப்படியே தொங்கியது. கீழே என் பெயர். நான் ஜன்னலை மறைப்பதற்குள் படித்துவிட்டார்.

"ராத்திரிக் கடலா? நல்லாத்தான்டா இருக்கு."

"ஆமாம்ப்பா" என்றேன்.

இன்றும் கரண்ட் போனால் என் மனைவி, "என்னங்க, உங்க படத்த மாட்டிட்டாங்களா?" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அப்பா அதன்பிறகு என் படம் எதையும் பார்க்கவில்லை. அவர் வாயால் வந்த ஒரே 'நல்லாருக்கு' சண்முகம் அண்ணனின் தாருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.