மலையா, மழையா?

சஞ்சீவனி “ம…” என்று தொடங்கி ஒரு நிமிடமாகிவிட்டது. சொல் இன்னும் முடியவில்லை. வரப்போவது மலையா, மழையா என்று தெரியாமல், மடிக்கணினியில் விரலை வைத்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார் ரபீகா டீச்சர்.

கண்டியில் அன்று ஒரு புதிய படைப்பின் அரங்கேற்றம். அறுபது பேர் கொண்ட மேற்கத்திய இசைக்குழு. அதன் முன்னால் உச்சக்குரலில் பாடும் சஞ்சீவனி, கலஹாவில் பிறந்து வெளிநாட்டில் சங்கீதம் படித்தவள். பாட்டு தமிழ்தான். ஆனால் அந்தக் குரலில் தமிழ் விளங்காது என்பதால், வரிகளை ஒவ்வொன்றாகப் பக்கச் சுவரில் காட்டும் பொறுப்பு தமிழாசிரியையான ரபீகாவிடம் வந்திருந்தது. பரீட்சை வேலையால் ஒத்திகைக்கு அவர் போகவில்லை. முன்வரிசையில் அவருடைய பள்ளி அதிபர் வேறு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், அடுத்த வரிக்கு மாத்துங்க,” என்றான் பக்கத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்த ஜனகன்.

“மூணாவது வரியே இன்னும் முடியல்லயே!”

“இது நாலாவது டீச்சர். மழைன்னாங்க.”

“எனக்கு மலைண்டுதான் கேட்டிச்சு.”

மாற்றினார். சஞ்சீவனியின் குரல் சட்டென்று கீழே இறங்கியது. இசைக்குழுவை நடத்தியவர் திடுக்கிட்டு இரண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“யா அல்லாஹ், கூடத் தள்ளிட்டேன் போல.”

ரபீகா மூன்று வரி பின்னால் போனார். பாட்டு வேறெங்கோ போயிற்று. நடத்துநர் வந்த பக்கங்களையே திரும்பப் புரட்டினார். வயலின்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“தம்பி, இப்ப எங்க நிக்கிறா?”

“தேயிலைன்னு கேட்ட மாதிரி இருக்கு.”

தேயிலை பதினோராவது வரியில்தான் வந்தது. ரபீகா அங்கே பாய்ந்தார்; பிறகு முன்னும் பின்னுமாக மாற்றிக்கொண்டே இருந்தார். எக்காளங்கள் அலறின, பிறகு அடங்கின, மறுபடி அலறின. ஒருவர் எக்காளத்தை மடியில் வைத்துக் கைகட்டிக்கொண்டார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இனி ஒண்டையும் தொடமாட்டேன்,” என்று ரபீகா கையை எடுத்துவிட்டார். சுவரில் ‘வருவாய், வருவாய்’ என்ற வரி நின்றது. அவருடைய நல்ல காலம், அந்த வரி மட்டும் அச்சாகப் பொருந்திப்போனது.

நான்கு நிமிடம் கழிந்தது.

“நீளமான வரிதான், இல்லையா டீச்சர்?” என்றான் ஜனகன்.

பொறுக்க முடியாமல் ரபீகா கடைசி வரிக்குத் தாவினார். பாட்டும் எப்படியோ முடிந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் காதில் விழாமல் ரபீகா மேடைக்குப் பின்னால் ஓடினார். நடத்துநர் ஒரு கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எதிரே சஞ்சீவனி வந்தாள்.

“மகள், மன்னிச்சிக்கங்க. வரியெல்லாம் தாறுமாறாப் போட்டு உங்கட பாட்டையே கெடுத்திட்டேன்.”

சஞ்சீவனி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னா டீச்சர் சொல்றீங்க? ரெண்டாவது வரியோட எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. நீங்க சுவத்துல போட்டதப் பாத்துத்தானே முழுசும் பாடுனேன்!”