த்சு, த்சு, பாவம் குழந்தை

உங்கள் தெருவில் ஓர் உச்சுக்கொட்டி நிச்சயம் இருப்பார். இல்லை என்று சொன்னால் நீங்கள் தெருவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், மிக நல்லவர். அடுத்தவர் கஷ்டம் காதில் விழுந்ததும் நாக்கை மேல்வரிசைப் பல்லில் ஒட்டி எடுத்து ‘த்சு’ என்பார். வேலை போனால் இரண்டு த்சு, ஆஸ்பத்திரி என்றால் நாலு, குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் கணக்கே கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், நாலு பேருக்குப் போன் செய்வார், நாடு போகிற போக்கை அலசுவார், காபி ஆறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். இவ்வளவு செய்கிறவர் எதைத்தான் செய்யமாட்டார்? எழுந்து போய் ஒரு வேலையைச் செய்யமாட்டார். அவ்வளவுதான் குறை.

மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடியின் உச்சுக்கொட்டி, முதல் மாடி அனந்தராமன். ஓய்வுபெற்ற அதிகாரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

மொட்டைமாடி அறையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை, மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பார், ஆறு வயதில் நிதுஷா என்று ஒரு பெண். விசா முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரிகள் வந்து இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில்.

இறங்கும்போது அந்தத் தாய் மாடிப்படியில் நின்ற அனந்தராமனிடம் கைகூப்பினார்.

“ஐயா, மூண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பிள்ளையை ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ. தெரியாத ஆக்களோட அவ போகமாட்டா.”

“நீங்க கவலையே படாதேங்கோ. பில்டிங்கே இருக்கு.”

உண்மைதான். கட்டடம் இருந்தது. அது எங்கேயும் நகரவில்லை.

ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் அவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பத்தி எழுதிவிட்டார். ‘மழலைக்கு ஏது எல்லைக்கோடு?’ என்று முடித்திருந்தார். பதினோரு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். இரண்டாம் மாடி ஸ்ரீரஞ்சனி, அழும் பொம்மை வரிசையாக ஐந்து போட்டாள். ஐந்து பொம்மை போட்டவள் குழந்தையை அழைத்துவரப் போவாள் என்று அனந்தராமன் நினைத்தார். மூன்று பத்தி எழுதியவர் போவார் என்று ஸ்ரீரஞ்சனி நினைத்தாள். நான் ஜன்னலோரம் நின்று, இருவரில் யார் கிளம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்காலுக்குப் போனவர் சுலோச்சனா. வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். தையல் வேலை நெருக்கும் நாட்களில் தாய் இவரைத்தான் அனுப்புவாராம், அதனால் டீச்சருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர், பாவம், நேரில் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நாலரைக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கோமளம் என்ற பெண் வந்தார். பெற்றோரைப் பிடித்தவர்களே தகவல் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் பெரிய கூட்டம். நிதுஷா வண்டிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா எப்ப வருவா?”

த்சு, என்றது கூட்டம். அதுதான் பதில்.

கோமளம் ஒரு தாளை நீட்டினார். “குழந்தைக்குத் தெரிஞ்சவங்க யாராவது இப்போதைக்குப் பொறுப்பா வச்சுக்கிட்டா இவ வெளியில போக வேண்டாம். இல்லேன்னா காப்பகம்தான். பேரு, விலாசம், கையெழுத்து. யார் போடறீங்க?”

அடுத்த நிமிடம் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஸ்ரீரஞ்சனியின் மகன் கிரீஷுக்குத் திடீரென்று பரீட்சை வந்தது. இன்னொரு வீட்டில் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாய்க்குக் குழந்தைகளே ஆகாமல் போயிற்று.

“எனக்கு ஆட்சேபணையே இல்லை,” என்றார் அனந்தராமன். “ஆனா நான் பென்ஷன் வாங்கறவன். நாளைக்கு ஏதாவது ஃபைல்ல என் பேரு வந்துதுன்னா...”

“குழந்தையை வச்சுக்கிறது குத்தமில்ல சார்.”

“குத்தம்னு யாரு சொன்னா? ஒரு முன்ஜாக்கிரதைதான்.”

சுலோச்சனா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். “இன்னாத்துக்கு இவ்ளோ ரோசன? என்னாண்ட இருக்கட்டும். வூட்ல ரெண்டு கீது, இது மூணாவதா படுத்துக்கும்.”

“உன் வீடு பெரும்பாக்கத்துலன்னா? அவ்வளவு தூரம் குழந்தைக்கு ஒத்துக்குமா?” என்றார் அனந்தராமன்.

“உங்க வூடு கிட்டக்கதான் சார் கீது. ஒரு மாடி ஏறுனா வந்துடும்.”

அனந்தராமன் அந்த மாடிப்படியை ஏதோ புதிதாகக் கட்டியதுபோலப் பார்த்தார். ஆனால் அவர் உதவவே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போடத் தன் பேனாவை அவர்தான் கொடுத்தார். “மறக்காம குடுத்துடும்மா. ரிடயர்மெண்ட்ல வந்தது.”

வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கோமளமும் ஆட்டோவில் ஏறினார். பிள்ளை தெரிந்த ஆளிடம்தான் இருக்கிறாள் என்று தாய்க்கும் தகவல் போனது. ஆட்டோவின் முதுகைப் படம் பிடித்து, ‘எங்கள் குடியிருப்பின் மனிதநேயம்’ என்று அனந்தராமன் குழுவில் போட்டார். இந்த முறை இதயங்கள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டது முதல் ஏழு மணிக்குச் சுலோச்சனா வண்டியை மூடிக்கட்டும்வரை, நிதுஷா கரிப்பெட்டிச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்று வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அந்த நேரத்துக்கு மட்டும் மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் கிடைத்தால் போதும். கையெழுத்துகூட வேண்டாம். உங்கள் வீடும் அந்தப் பக்கம்தானே? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறீர்களா? அடடா, அனந்தராமனும் இதே குரலில்தான் சொன்னார். ‘ஏன், உன் வீடு என்ன ஆயிற்று?’ என்று என்னையா திருப்பிக் கேட்கிறீர்கள்? நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேனே. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நிதுஷா வெயிலில் நிற்கிறாள்.